முதல் வாய்

மான் தொடையில் ஒரு கடி குறைந்திருந்தது.

பிறேமா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போலத்தான் முதலில் நடந்துகொண்டாள். ஜெர்மனியின் சவர்லாந்து மலைக்காட்டில் டிசம்பர் மாதத்துக் காலை எட்டு மணி என்பது பேருக்குத்தான் காலை; ஊசியிலை மரங்களுக்கு நடுவே இருட்டு இன்னும் எழுந்து போக மனமில்லாமல் கிடக்க, நெற்றியில் கட்டிய விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் வைக்கோலும், உறைந்த சேறும், நேற்று மாலை அவளே வைத்த தகரத் தட்டும், அதன் மேல் அவளே வைத்த இறைச்சியும் வந்து வந்து போயின. வேலிக்கு அப்பால் எங்கோ பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளியின் வாசனை.

அவள் குனிந்து பார்த்தாள். ஐந்து வருடமாக இந்த மிருகங்களுக்குச் சாப்பாடு போடுகிறவள். அவை எப்படித் தின்னும் என்று அவளுக்குத் தெரியாதா? கடைவாயில் வைத்து அறுத்து, தலையை உதறி, நார்நாராகப் பிய்த்துவிடும். இது அப்படியில்லை. பாணில் பிள்ளைகள் கடித்து வைப்பது போல ஒரு பிறை. சின்னச் சின்னத் தட்டைப் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. முன்வரிசையில் ஒரு பல் இல்லை.

தொடையை வாளிக்குள் போட்டு மூடியை அழுத்தினாள். பிறகு திரும்பி உல்லாவைப் பார்த்தாள். உல்லா வைக்கோலில் சுருண்டு, வயிறு நிறைந்த பிராணிகள் விடுகிற நீளமான மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாள் கழித்து நேற்றுத்தான் அவள் சாப்பிட்டிருந்தாள். அதுதான் பிறேமாவுக்கு வேண்டியிருந்தது. தட்டில் ஒரு கடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

உல்லா முழு ஓநாயுமில்லை, முழு நாயுமில்லை. ரத்தம் பாதிக்குப் பாதி. குட்டியில் அழகென்று வாங்குவார்கள். வளர்ந்து வேலி தாண்டி அயல்வீட்டுக் கோழியையும் நிம்மதியையும் ஒன்றாகத் தின்னத் தொடங்கியதும் வேண்டாமென்று கைகழுவி விடுவார்கள். அப்படிக் கைகழுவப்பட்ட ஓநாய்நாய்களும், சர்க்கஸிலும் கூட்டிலும் கிடந்த சில ஓநாய்களுமாக இருபத்துமூன்று உயிர்களை யூட்டா என்ற ஜெர்மன்காரி இந்த மலையில் காப்பாற்றி வைத்திருந்தாள். பிறேமா எசன் நகரில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தவள். மகள் படிக்கவென்று வீட்டை விட்டுப் போன வருடம், வெறும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தாள். வந்தவள் போகவில்லை.

உல்லாவும், காஸ்பர், ஃப்ரீடா என்ற மற்ற இரண்டும் நவம்பர் கடைசியில் வந்தன. ட்ரெஸ்லர் என்ற கிழவர் அனுமதிப் பத்திரம் இல்லாமல் தன் வைக்கோல் கொட்டகையில் வைத்து வளர்த்தவை. அவர் அந்தக் கொட்டகைக்குள்ளேயே மாரடைப்பில் விழுந்து செத்துப்போனார். ஒன்பது நாள் ஒருவரும் அறியவில்லை. கதவை உடைத்த பொலிஸ்காரர்கள் என்ன காணப் போகிறோமோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்களாம். ஆனால் மூன்று மிருகங்களும் எலும்பும் தோலுமாக அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவர் மேல் ஒரு கீறல் இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம், எஜமான் பாசம் என்று. அவருக்குப் பக்கத்தில், அவை சாப்பிடவென்று அவர் தூக்கி வந்த இறைச்சித் தொட்டி நிரம்பியபடியே அழுகிக் கிடந்தது.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இந்த மூன்றிடமும் பத்தும் பறந்த பிறகு பதினோராவதாக ஒன்று மிச்சமிருந்தது.

இங்கே வந்தும் அவை சாப்பிடவில்லை. ஆறாம் நாள் காஸ்பரும் ஃப்ரீடாவும் திருடர்கள் போல வயிற்றால் ஊர்ந்து வந்து, ஆளுக்கொரு துண்டைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடி, முதுகைக் காட்டிக்கொண்டு விழுங்கின. உல்லா அதுவும் செய்யவில்லை. இறைச்சிக்கு முன்னால் வந்து உட்காருவாள். வாயிலிருந்து எச்சில் நூலாக வடியும். கண் கதவில் இருக்கும். முப்பத்தெட்டுக் கிலோ இருக்க வேண்டியவள் இருபத்தைந்துக்கு வந்துவிட்டாள். வந்த அன்று பிறேமாவின் சப்பாத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தவள் அவள். நாற்பத்துநாலு வயதில் பிறேமாவை நம்பி யாரும் அப்படித் தலை சாய்த்து வெகுநாளாகியிருந்தது. வெட்கப்படாமல் சொன்னால், பெற்ற மகளுக்குப் பிறகு அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது இந்தப் பிராணிக்காகத்தான்.

யூட்டா கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மிருக வைத்தியரிடம் டெர்மின் வாங்கி நாள் குறித்துவிட்டாள். அதற்குள் வாய் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவது. இன்னும் இழுத்தால் அது இரக்கமில்லை, வதை என்றாள்.

புதன்கிழமை ட்ரெஸ்லரின் அயல்வீட்டுக்காரி, அந்த மனிதருடைய பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய வாசனை பக்கத்தில் இருந்தால் மிருகம் தேறும் என்று யூட்டாதான் கேட்டு வாங்கியிருந்தாள். இங்கே எல்லாப் புதுவரவுக்கும் அப்படிச் செய்வது வழக்கம். அயல்வீட்டுக்காரி வாசலில் நின்றபடி, அந்தாள் அவற்றோடுதான் சாப்பிட்டார் என்றாள். வைக்கோலில் உட்கார்ந்து, பச்சை இறைச்சியை எடுத்து, முதல் வாய் அவர் கடிப்பாராம். அதை மென்று விழுங்கி முடிக்கும் வரை ஒன்றும் அசையாதாம்.

பிறேமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உல்லா துக்கம் காக்கவில்லை. காத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று இரவு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரர் யாருக்கும் வரக்கூடிய யோசனையில்லை. நாலு வருடத்துக்கு முன் எசனில் அப்பா செத்தபோது எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்தார்கள். அவருக்குப் பிடித்த மீனும் இறைச்சியும் சமைத்து, பக்கத்தில் அரைப்போத்தல் சாராயமும் வைத்து, வாங்கோ சாப்பிடுங்கோ என்று கூப்பிட்டுப் படைத்தார்கள். பிறகு அந்தச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய், ட்ராம் தண்டவாளம் திரும்புகிற சந்தியில் ஒரு செடிக்கடியில் வைத்துவிட்டு, பொலிஸ் கண்டால் குப்பை போட்டதென்று தண்டம் எழுதுமோ என்ற பயத்தில் அத்தனை சொந்தக்காரரும் விறுவிறுவென்று திரும்பி வந்தார்கள். அப்பா போனார். வீடு லேசானது. அது பிறேமாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

இந்தக் கிழவருக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. நகராட்சிக்காரர் எரித்துப் புதைத்தார்கள். செய்ய ஆளில்லாத சீவன்தானே என்று அவள் நினைத்தாள். வயிறு நிறைந்தால் போய்விடுவார். அவர் சாப்பிட்டதைக் கண்டால் உல்லாவும் சாப்பிடுவாள்.

வியாழன் மாலை நாலரைக்கு, மற்றவர்கள் தூரத்து அடைப்புகளில் நின்ற நேரம் பார்த்து, தனியே உள்ளே போகக் கூடாதென்ற சட்டத்தை மீறி இரட்டைக் கதவையும் திறந்துகொண்டு போனாள். கோட்டை வைக்கோலில் விரித்தாள். அதன் முன் தகரத் தட்டு, தட்டில் மான் தொடை, பக்கத்தில் கறுப்புப் பாண், ஒரு போத்தல் பியர், கண்ணாடிச் சாடிக்குள் ஏற்றிய மெழுகுதிரி. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. காற்று நின்று, மரங்களின் மேல் தேங்கியிருந்த பனி பொத்தென்று எங்கோ விழ, மூன்று சோடிக் கண்கள் மூலையிலிருந்து பச்சையாக அவளைப் பார்த்தன.

அவளுக்கு வாயில் ஜெர்மன் வரவில்லை.

"வாங்கோ ஐயா" என்றாள் மெல்ல. "வந்து சாப்பிடுங்கோ. உங்கட பிள்ளையள் பசியோட நிக்குதுகள்."

ஒன்றும் நடக்கவில்லை. மெழுகுதிரிச் சுடர்கூட ஆடவில்லை. தன்னைத்தானே மனதுக்குள் திட்டிக்கொண்டு எழும்பப் போனவள், உல்லாவின் காதுகள் பின்னால் படிவதைக் கண்டாள். அவளுடைய கண் கதவிலிருந்து மெதுவாக, யாரோ நடந்து வருவதைப் பார்ப்பது போல, வைக்கோலைக் கடந்து, கோட்டில் வந்து நின்றது. கொஞ்ச நேரம். ஒரு வாய் மென்று விழுங்கும் நேரம்.

பிறகு உல்லா எழுந்து வந்து, தன் பங்குக்குப் போட்டிருந்த இறைச்சியில் வாயை வைத்தாள்.

பிறேமா அழுதாள். மூக்கு ஒழுக, சத்தமாக, சின்னப்பிள்ளை போல அழுதாள். யூட்டாவைக் கூப்பிட ஓடினாள், கால் தடுக்கி விழுந்தாள், மறுபடி ஓடினாள். யூட்டா வேலிக்கு வெளியே நின்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் தட்டு உள்ளேயே கிடந்துவிட்டது.

மறுநாள் காலைதான் அந்தக் கடி.

வைத்தியர் வந்து உல்லாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஊசியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். அன்று மாலை பிறேமா தட்டு வைக்கவில்லை. உல்லா இறைச்சிக்கு முன்னால் உட்கார்ந்து, எச்சில் வடிய, கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பிறேமாவால் அதற்கு மேல் ஏலவில்லை. தட்டை வைத்தாள். உல்லா சாப்பிட்டாள். அவ்வளவுதான், வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு மாலையும் ஒரு தட்டு. ஒவ்வொரு காலையும் ஒரு கடி. மிச்சத்தை மூன்றில் ஒன்றும் தொடாது. ஐந்தாம் நாள் கடி இரண்டானது. ஏழாம் நாள் பியர்ப் போத்தல் பாதி காலியாகி இருந்தது. ஒன்பதாம் நாள் கோட்டுக்குக் கீழே வைக்கோல் பள்ளமாக அமுங்கியிருக்க, பிறேமா கையுறையைக் கழற்றி அதில் கையை வைத்துப் பார்த்தாள். வெளியே மைனஸ் ஆறு. பள்ளம் சூடாக இருந்தது.

அதை அவள் யூட்டாவிடம் சொல்லவில்லை. தனியே உள்ளே போனது தெரிந்தால் வேலை போகும். அதைவிட, உல்லா முப்பது கிலோவுக்கு வந்திருந்தாள். முதுகெலும்பு மறைந்து மயிர் மினுங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் இப்போதெல்லாம் அவள் பிறேமாவின் சப்பாத்தில் தலை வைப்பதில்லை. பிறேமாவைக் கடந்து பார்ப்பாள். மூன்றும் அப்படித்தான். பிறேமா எங்கே நின்றாலும், அவளுக்குக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் உயரத்தில் பார்க்கும்.

பதினோராம் நாள் அவள் எசனில் இருக்கிற தமக்கை கலாதேவிக்குப் போன் எடுத்தாள். கலாதேவி ஐம்பத்தாறு வயது மனுசி. சாவீட்டு முறை எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஊரில் யார் செத்தாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். பிறேமா தயங்கித் தயங்கிச் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே நல்ல சகுனமில்லை.

"கூப்பிட்டனி, சரி" என்றாள் கடைசியில். "அனுப்பினியோ?"

பிறேமா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"சாப்பாட்டை வெளியில, சந்தியில கொண்டுபோய் வைச்சனியோ இல்லையோ?"

"இல்லை அக்கா. அவள் சாப்பிடத் துவங்கினவுடன எனக்கு வேற ஒண்டும் ஓடேல்லை. உள்ளுக்கயே விட்டிட்டன்."

"எத்தினை நாளாய்?"

"பதினொண்டு."

கலாதேவி வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"எட்டுச் செலவு எண்டுறது போறவைக்குக் குடுக்கிற சாப்பாடு, பிறேமா. நீ இருக்கிறவைக்குப் போடுற சாப்பாடெல்லோ போட்டிருக்கிறாய்."

அன்றைக்கே கொண்டுபோய் வை, திரும்பிப் பாராதே என்றாள். பிறேமா அப்படியே செய்தாள். மாலை தட்டையும் பியரையும் கோட்டையும் தூக்கிக்கொண்டு, காட்டுப்பாதை மூன்றாகப் பிரிகிற இடத்துக்கு நடந்தாள். பனி சப்பாத்துக்கடியில் நொறுங்கியது. அவளுடைய காலடி தவிர வேறு காலடி இல்லை; அதைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு நடந்து, மூன்று பாதையும் சேருமிடத்தில் எல்லாவற்றையும் வைத்து, போய்வாருங்கோ ஐயா என்று சொல்லி, திரும்பிப் பாராமல் வந்து சேர்ந்தாள். யாரும் கூட வரவில்லை என்பதில் அவளுக்குப் பெரிய நிம்மதி. கட்டிலில் போர்வையை இழுத்து மூடும்போதுதான் அந்த நிம்மதியின் மறுபக்கம் தெரிந்தது. அவர் சாப்பாட்டோடு சந்தி வரை வந்திருக்க வேண்டுமே? வரவில்லையென்றால் போகவில்லை.

மறுநாள் உல்லா சாப்பிடவில்லை.

பிறேமா மத்தியானம் ஊழியர் அறையில் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். பாண், சீனிச்சம்பல். பாணின் ஓரத்தில் ஒரு பிறை குறைந்திருந்தது. பெட்டியை மூடினாள். காலையில் அவசரத்தில் தானே கடித்திருப்பேன் என்று சொல்லிப் பார்த்தாள். பாண் முழுவதையும் குப்பைக்குள் போட்டுவிட்டு ஒரு ஆப்பிளை எடுத்தாள். திருப்பினாள். அதிலும்.

நடுவில் ஒரு பல் இல்லை.

இருபத்துமூன்றாம் திகதி யூட்டா நத்தார் பண்டிகைக்கென்று ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற தன் தாயிடம் போய்விட்டாள். காலையில் ஒரு தம்பதி வந்து மற்ற அடைப்புகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மிச்சமெல்லாம் பிறேமாவின் பொறுப்பு. உல்லா பழையபடி தொடங்கிவிட்டாள் என்று அவள் சொன்னபோது யூட்டா கார்க் கதவில் கையை வைத்தபடி திரும்பினாள். ஞாயிறு திரும்பி வருகிறேன், வைத்தியரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், மூன்றாம் தடவை தள்ளிப்போட மாட்டேன் என்றாள்.

அன்று மாலை பிறேமா மறுபடி தட்டு வைத்தாள். மானத்தை விட்டுக் கூப்பிட்டும் பார்த்தாள். தட்டு அப்படியே இருந்தது. உல்லா தட்டைப் பார்க்கவேயில்லை. பிறேமாவுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறேமா இரண்டு நாளாகப் பட்டினி. புட்டு அவித்தால் மூடியைத் திறக்கும்போது ஒரு பிடி அள்ளியிருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு நின்ற நிலையில் சாப்பிடலாமென்றால் கறிக்குள் கிடந்த கிழங்கில் பல் பதிந்திருந்தது. கடைசியில் புத்திசாலித்தனமாக ஒரு முட்டையை எடுத்து அவித்தாள். கண்ணை எடுக்காமல் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். பத்து நிமிடம். தண்ணீர் கொதிக்கிற சத்தம், ஜன்னலில் ஆவி, முட்டை அடியில் தட்டித் தட்டி உருளுகிற சத்தம். எடுத்துத் துடைத்து விளக்கில் பார்த்தாள். ஓட்டில் ஒரு மயிரிழை வெடிப்பு இல்லை. மேசை விளிம்பில் தட்டினாள். உரித்தாள்.

வெள்ளைக்கரு பிறை வடிவில் கடிபட்டிருந்தது. உள்ளே மஞ்சள் தெரிந்தது.

அவள் கத்தவில்லை. நிலத்தில் உட்கார்ந்தாள். இப்போது அவளும் அவருக்குப் பிறகு சாப்பிடுகிறவள்தான் என்பது தெளிவாக விளங்கியது. இருபத்துமூன்று மிருகங்களைக் காப்பாற்ற வந்தவளைத் தன்னுடைய நாலாவது மிருகமாகச் சேர்த்துவிட்டார் கிழவர். பயத்துக்கு நடுவே அவளுக்கு நல்ல கோபம் வந்தது. செத்த பிறகும் பந்தியில் முதல் ஆளாக உட்கார வேண்டுமோ? ஒரு கிழவனின் வீம்புக்கு உல்லா சாக வேண்டுமோ?

அந்தக் கோபத்தில்தான் அது தோன்றியது. முதல் வாய் எடுக்கிறவர்தான் பெரியவர். அவ்வளவுதானே சட்டம்? அவை பார்க்க முதல் வாயைத் தான் எடுத்துவிட்டால் இனித் தானே பெரியவள். பிறகு உல்லா அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நல்ல யோசனைதான். பசித்தவளின் யோசனை.

இருபத்துநாலாம் திகதி, நாலரை மணி. கீழே கிராமத்துத் தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. வானம் சாம்பல் நிறத்திலிருந்து ஈயநிறத்துக்கு மாறி, வேலிக் கம்பிகள் ஒவ்வொன்றாக இருட்டில் கரைந்துகொண்டிருக்க, பிறேமா கையுறையில்லாத கையில் ஒரு பச்சை இறைச்சித் துண்டைப் பிடித்துக்கொண்டு வெளிக்கதவைத் திறந்து மூடி, உள்கதவைத் திறந்தாள். அவசரத்துக்கு ஓட வழி வேண்டுமென்று உள்கதவைச் சாத்தாமல் விட்டாள். இறைச்சி குளிர்ந்து கனத்தது. இரும்பு வாசனை. வைக்கோலின் நடுவில் போய் முழங்காலிட்டாள்.

மூன்றும் வந்தன. கொஞ்சம் தள்ளி நின்றன. உல்லா முன்னால் நின்றாள், விலா எலும்புகள் மறுபடி தெரிய.

"இஞ்சை பார், உல்லா" என்றாள் பிறேமா. "என்னைப் பார், குஞ்சு."

உல்லா பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளை, அவள் கண்ணைப் பார்த்தாள். பிறேமா இறைச்சியை வாய்க்குக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். சவ்வு பல்லில் வழுக்கியது. இழுத்தாள். அறுந்தது. குமட்டலை அடக்கி மென்றாள். அதில் முன்னதாக எந்தக் கடியும் இருக்கவில்லை. அது அவளுடைய முதல் வாய். விழுங்கினாள்.

கண்ணைத் திறந்தாள்.

காஸ்பர் வயிற்றை நிலத்தோடு அழுத்திப் படுத்திருந்தான். மூத்திரம் போயிருந்தான். ஃப்ரீடா பின்னுக்கு ஊர்ந்து ஊர்ந்து, பிறேமாவின் நெற்றி விளக்கின் வெளிச்சத்துக்குக் குறுக்கே போனாள். அவளுடைய இடது காதில் பாதி இல்லை. அது பழைய காயம், வரும்போதே இருந்தது, தங்களுக்குள் சண்டை பிடித்திருக்கும் என்று வைத்தியர் எழுதியிருந்தார். இவ்வளவு கிட்டத்தில், இந்த வெளிச்சத்தில் பிறேமா அதைப் பார்த்ததில்லை.

காதின் வெட்டு, பிறை வடிவில் இருந்தது. சின்னச் சின்னத் தட்டைப் பற்கள். நடுவில் ஒன்று இல்லை.

அவருக்கு முன்னால் வாய் வைத்தால் என்ன நடக்கும் என்று அயல்வீட்டுக்காரி சொல்லவில்லை. பிறேமாவும் கேட்கவில்லை.

பின்னால் உள்கதவு மூடிக்கொண்டது. மெதுவாக. கொண்டி விழுந்தது.

வைக்கோல் அமுங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. கனமான மனிதர். ஈரக் கம்பளி, வெங்காயம், புளித்த பியர். மூச்சு, மூக்கில் சளி கட்டிய கிழவருடைய மூச்சு.

எழும்ப வேண்டும். ஒரு காலை ஊன்றினாள்.

தோளில் கை. கையில்லை, பாரம். கழுத்துச் சால்வையை யாரோ விரலால் விலக்குகிறார்கள். பொறுமையாக. சாப்பாட்டுப் பொதியின் தாளை விலக்குவது போல. குளிர் கழுத்தில் பட்டது. பிறகு சூடு.

"உல்லா" என்றாள்.

உல்லா வந்தாள். காதுகள் பின்னால் படிய, வாலைத் தாழ்த்தி மெல்ல ஆட்டிக்கொண்டு, அவளுக்கு நேர் எதிரே, எட்டித் தொடும் தூரத்தில் வந்து பணிவாக உட்கார்ந்தாள். மற்ற இரண்டும் எழுந்து வந்து இரு பக்கமும் உட்கார்ந்தன. உல்லாவின் வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது. அவளுக்கு நல்ல பசி வந்திருந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை. பிறேமாவின் தலைக்கு மேலே பார்த்தபடி, அவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தாள்.